தாழக் கட்டிய கயிறு

அப்பாவுக்கு நாட்குறிப்பு எழுதும் வழக்கம் இல்லை. பஞ்சாங்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி எழுதுவார், அவ்வளவுதான். சரக்கு வந்தது, மழை பெய்தது, கடைக் கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் போட்டது எல்லாம் ஒரே அளவு எழுத்தில், ஒரே அளவு உணர்ச்சியோடு இருக்கும். அந்தப் பழைய பஞ்சாங்கங்கள் இப்போது என்னிடம் இருக்கின்றன. அவற்றிலிருந்து மூன்று வரிகளை மட்டும் தனியே எடுத்து எழுதி வைத்திருக்கிறேன்.

சித்திரபானு வருஷம், ஆனி மாதம்: "தம்பி ரங்கூனிலிருந்து வந்து சேர்ந்தான். நடந்தே."

விகிருதி வருஷம், ஆவணி: "பிள்ளையை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்தாயிற்று. இடது கால் சுகமில்லை."

அதே வருஷம், புரட்டாசி: "தம்பி களத்தில் நடக்கிறான். காரணம் தெரியவில்லை."

ஆங்கிலக் கணக்கில் முதல் வரி 1942-இன் நடுப்பகுதி. மற்ற இரண்டும் 1950. தம்பி என்பது என் சித்தப்பா. பிள்ளை என்பது நான். கடைசி இரண்டு வரிகளுக்கும் நடுவே ஒரே ஒரு பக்கம்தான் இருக்கிறது. அப்பா அவற்றைச் சேர்த்துப் படிக்கவில்லை என்றே நினைக்கிறேன். அப்போது ஒன்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்த நானும் சேர்த்துப் பார்க்கவில்லை.

எங்கள் குடும்பம் தெற்கேயிருந்து வந்தது. ராயபுரத்துக்கும் தண்டையார்பேட்டைக்கும் நடுவில் அப்பா கயிற்றுக் கடை வைத்திருந்தார். முன்னால் கடை, நடுவில் வீடு, பின்னால் களம். களம் என்றால் நெல் அடிக்கும் களம் அல்ல. இரண்டு கிடங்குச் சுவர்களுக்கு நடுவே கடலைப் பார்த்து நீண்டு கிடந்த ஒடுக்கமான மண்தரை. அகலம் இருந்திருந்தால் அதையும் யாராவது கிடங்காக்கியிருப்பார்கள். நீளம் மட்டும் இருந்ததால் கயிற்றுக்காரருக்குக் கிடைத்தது. கொல்லத்திலிருந்து ரயிலில் வரும் தும்பை, அதாவது தேங்காய் நாரை, பொதிபொதியாக அங்கே அடுக்கி வைத்திருப்போம். திரித்து முறுக்கிய கயிற்றை, களத்தின் இரு முனைகளிலும் நட்டிருந்த பனங்கம்பங்களுக்கு நடுவே விறைப்பாக இழுத்துக் கட்டி, தேங்காய் மட்டையால் தேய்த்துப் பிசிர் எடுப்பார்கள். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பக்கத்துக் குப்பத்து மீன்காரர்கள். கட்டுமரத்துக்குத் துண்டு மரங்களைச் சேர்த்துக் கட்டுவதற்கு எங்கள் கயிறுதான்.

சித்தப்பா பதினாறு வயதில் ரங்கூனுக்குக் கப்பலேறியவர். அங்கே தெற்கத்திக்காரர் ஒருவரின் கடையில் வேலை. யுத்தம் வந்தபோது எல்லோரையும் போல மலையும் காடுமாக நடந்து வந்தார். வரும்போது அவரிடம் இருந்த உடைமை மடியில் கட்டிய ஒரு மரப் புத்தர் மட்டும்தான். உள்ளங்கையளவு. அத்தை அதை வாங்கிப் பார்த்து, "யாரு சாமி?" என்றார். புத்தர் என்றதும், முருகனுக்கும் லட்சுமிக்கும் நடுவே இடம் ஒதுக்கி வைத்து, நெற்றி வெறுமையாக இருக்கக்கூடாதென்று விபூதி பூசிவிட்டார். முதல் சில நாள் சித்தப்பா துண்டால் மெல்லத் துடைத்தாராம். அத்தை மறுபடி பூசினார். பிறகு அவர் துடைக்கவில்லை. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து எங்கள் வீட்டுப் புத்தர் மூன்று பட்டையுடன்தான் தியானத்தில் இருந்தார்.

அத்தை என்பது அப்பாவின் அக்கா. கணவரை இழந்து தம்பி வீட்டுக்கு வந்தவர். வந்த மறுநாளிலிருந்து வீடு அவருடையது.

ரங்கூனிலிருந்து நடந்து வந்த சித்தப்பா, வந்தபின் நடக்கவில்லை. கால் வீக்கம் வடிந்து, புண்கள் ஆறி, உடம்பு தேறியபின்னும் கடைப் படியைத் தாண்ட மாட்டார். களத்தின் மூலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கயிற்று நுனிகளைப் பிரித்துப் பின்னிக்கொண்டிருப்பார். எங்காவது போயே ஆகவேண்டுமென்றால் ரிக்‌ஷா கேட்பார். இது எட்டு வருஷம் நடந்தது. குப்பத்து ஏழுமலை, எங்கள் பழைய வாடிக்கைக்காரர், இதை விடவே மாட்டார்.

"இன்னா மொதலாளி, ரங்கூன்லேர்ந்து நடந்து வந்த மன்சன் முடி வெட்டிக்கினு வர ரிக்‌ஷா கேக்குறாரு?"

"வார வழியிலேயே எல்லாத்தையும் நடந்து முடிச்சிட்டான் போல" என்பார் அப்பா.

வழியில் என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லை. பர்மாவிலிருந்து வந்தவர்களிடம் அதைக் கேட்பது மரியாதையில்லை என்பது அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

1950-இல் எனக்குக் காய்ச்சல் வந்து, போகும்போது இடது காலின் பலத்தைக் கொண்டுபோயிற்று. இளம்பிள்ளை வாதம் என்றார்கள். இனி நடக்கப் பழக்குங்கள் என்று சொல்லி அனுப்பினார் டாக்டர். பழக்க முயன்ற முதல் நாளே நான் விழுந்து உதட்டைக் கிழித்துக்கொண்டேன். அம்மா அதைப் பார்த்த நாளிலிருந்து என்னைத் தரையில் விடவில்லை. இடுப்பில் தூக்கிக்கொண்டே திரிந்தார். எட்டு வயதுப் பிள்ளையின் கனம் கொஞ்சமல்ல. எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. கையைக் காட்டிய திசைக்கு வண்டி போயிற்று.

அடுத்த மாதம்தான் சித்தப்பா எழுந்து நடக்கத் தொடங்கினார். களத்தில், இழுத்துக் கட்டிய கயிற்றின் ஓரமாக, கையில் தேங்காய் மட்டையுடன். கயிறு தேய்ப்பது அதுவரை கூலியாள் செய்த வேலை. கூலியாள் மட்டையைக் கயிற்றில் அழுத்தி ஒரே ஓட்டமாக ஓடி வருவான். சித்தப்பா அப்படிச் செய்யவில்லை. ஒரு காலை எடுப்பார். அது எழும்புவதை அவரே அப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பது போலப் பார்ப்பார். முன்னே கொண்டுபோவார். வைப்பார். அதன்பிறகுதான் கை நகரும். வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டேயிருப்பார். கடைசிக் கம்பத்தை அடைந்ததும் நின்று, திரும்பி, அதேபோல் வருவார். ஒரு கயிற்றுக்கு ஒரு காலை நேரம் போயிற்று.

மீன் கூடையோடு பின்பக்கமாக வந்த ஏழுமலையின் மனைவி சுவரருகில் நின்று வெகுநேரம் பார்த்துவிட்டு அம்மாவிடம் சொன்னார். "இன்னாம்மா, உங்க சின்னய்யா நண்டு மாறி குனிஞ்சிகினு ஊந்துகினு கீறாரு? காத்து கருப்பு இன்னா அண்டிச்சா?"

அவர் குனிந்து நடந்ததை எல்லோரும் கவனித்தார்கள். ஏன் குனிய வேண்டியிருந்தது என்று யாரும் கேட்கவில்லை.

அத்தைக்கு முணுமுணுப்புதான் கவலை. பர்மாவில் கற்ற மந்திரமாக இருக்குமோ, அதைச் சொல்லிச் சொல்லிக் கயிற்றில் ஏற்றுகிறானோ, கடலுக்குப் போகிறவன் கட்டும் கயிறாயிற்றே என்று ஊரெல்லாம் கேட்கும்படி யோசித்தார். அதன் முடிவாக எனக்கு ஒரு வேலை கொடுத்தார். "ஏட்டி, நீ சும்மாத்தான இருக்க. களத்துல போய் உக்காந்து அவன் வாய்க்குள்ள என்ன சொல்லுதான்னு கேட்டு வந்து சொல்லு. ஒரு சொல்லு விடாம கேக்கணும்."

வீட்டில் எல்லோருக்கும் ஒரு வேலை இருந்தது. எனக்கு அதுவரை இல்லை. மறுநாள் காலை அம்மா என்னைத் தூக்கிக்கொண்டுபோய்க் கம்பத்தருகே ஒரு தும்புப் பொதியின் மேல் உட்கார வைத்துவிட்டு அடுப்பங்கரைக்குப் போனார். அடுக்கியிருந்த பொதிகள் மறைத்ததால் அங்கிருந்து களம் தெரியாது. நான் ஒற்றறியத் தொடங்கினேன்.

உட்கார்ந்த இடத்திலிருந்து ஒன்றும் கேட்கவில்லை. துறைமுகத்துச் சங்கு, சரக்கு ரயில் பெட்டிகள் மோதிக்கொள்ளும் சத்தம், அதற்கும் மேல் கடல். சித்தப்பாவின் குரலோ அவர் மீசையைத் தாண்டாது. என் பக்கம் வரும்போது ஏதோ உதடு அசையும். காதைத் தீட்டிக்கொள்வதற்குள் திரும்பிப் போய்விடுவார். அவர் போகும் வேகத்துக்கு யாரும் பின்னால் போய்க் கேட்டுவிடலாம், எழுந்து போக முடிந்தால்.

இரண்டு நாள் வெறுங்கையோடு அத்தையிடம் திரும்பினேன். "இதுக்குத்தான் உன்ன அனுப்புனேனா?" என்றார் அத்தை. மூன்றாம் நாள் பொதியிலிருந்து சறுக்கி இறங்கி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கயிறு என் கைக்கு வாகாக இருந்தது. சித்தப்பா ஒரு முறை திரும்பிப் பார்த்தார். பிறகு அதே நடையில் போய்க்கொண்டிருந்தார். நான் கயிற்றோடு கையை நகர்த்தி அவர் பின்னாலேயே போனேன். அன்று பாதிக் களம்கூடப் போகவில்லை. ஆனால் கேட்டுவிட்டது.

"தூக்குது... போகுது... பதியுது..."

இவ்வளவுதான். திரும்பத் திரும்ப இதுவே. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. நேராகவே கேட்டேன். "என்ன சொல்லுதீய சித்தப்பா?"

"காலுக்குப் பேர் சொல்லுதேன்."

"காலுக்குப் பேர் இல்லையே."

"தூக்குத கால் வேற. போகுத கால் வேற. பதியுத கால் வேற. ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேரு வேணும்லா?"

"சொன்னா என்ன கிடைக்கும்?"

சற்று யோசித்தார். "கயிறு கிடைக்கும்" என்றார்.

அன்று பகல் அத்தையிடம் முழு அறிக்கை கொடுத்தேன். "மந்திரம் இல்ல அத்தை. சித்தப்பா காலுக்குப் பேர் வைக்காங்க."

"காலுக்கா?" அத்தை அரிவாள்மணையிலிருந்து கையை எடுத்தார். "ஒரு கல்யாணத்தப் பண்ணிப் பிள்ளைக்குப் பேரு வைடான்னா காலுக்குப் பேரு வைக்கானா?" என்று சொல்லிவிட்டு, "இன்னும் வேற ஏதாவது சொல்லுவான். நாளைக்கும் போயிக் கேளு" என்றார்.

நான் நாளைக்கும் போனேன். அதற்கடுத்த நாளும் போனேன். ஐப்பசி மழை நின்ற பிறகு இரண்டு வேளையும் போனேன். உட்கார்ந்தால் கேட்காது என்பதால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போக வேண்டியிருந்தது. பாதிக் களம் போனேன். பிறகு முழுக் களம். அவரிடமிருந்து புதிதாக ஒரு சொல்லும் வரவில்லை. ஒருநாள் கைக்கும் சேர்த்து, "தொடுது, தேய்க்குது" என்றார். அதை ஓடிப்போய் அத்தையிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது. அம்மா வந்து தூக்கிப்போகும்வரை காத்திருந்தேன். நான் நடக்கிறேன் என்ற நினைப்பே எனக்கு இல்லை. சித்தப்பாவின் பின்னால் போய்க்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். நடப்பது என்றால் தெருவில் மற்றப் பிள்ளைகள் செய்வது.

ஆரம்பத்தில் கயிறு உள்ளங்கையில் குத்தும். புதுக் கயிற்றின் பிசிர் ஊசிபோல. "குத்துது சித்தப்பா" என்று ஒருநாள் கையைக் காட்டினேன். அவர் என் உள்ளங்கையைத் தன் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். மறுநாளிலிருந்து மட்டையால் தேய்த்து முடித்த கயிற்றை ஈரச் சாக்கால் ஒரு முறை, காய்ந்த சாக்கால் ஒரு முறை, பிறகு வெறுங்கையால் என்று போய்ப் போய் வந்தார். பிசிர் போனபின்னும் தேய்த்தார். நானும் பின்னால் போனேன். கயிறு தேன்நிறத்தில் மின்னியது. அதைப் பிடித்துக்கொண்டு போவது பூனையின் முதுகைத் தடவுவது போலிருந்தது.

மார்கழியில் ஒரு காலை ஏழுமலை கடைக்கு வந்தார். தலை ஈரம் காயவில்லை. கையிலிருந்த கயிற்றுச் சுருளை அப்பாவின் முன்னால் போட்டார்.

"மொதலாளி, இது கயிறா, பட்டுப்பொடவையா?"

"என்ன ஏழுமலை?"

"முடிச்சு போட்டா நிக்க மாட்டேங்குது. வழுக்கிகினு போவுது. அலைல திரும்பி வந்துகினு இருக்கசொல்ல மரம் அதுபாட்டுக்குப் பிரிஞ்சிபோச்சு. நான் ஒரு மரத்துல வரேன், என் மச்சான் ஒரு மரத்துல வரான். குப்பமே கரையில நின்னு சிரிக்குது."

அம்மா உள்ளேயிருந்து ஓடி வந்தார். "ஆளுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"ஆளு கீறோம்மா. வலதான் பூட்ச்சு."

அப்பா சுருளை எடுத்து ஒரு முடிச்சுப் போட்டு இழுத்தார். முடிச்சு தானாகவே அவிழ்ந்து நழுவியது. கயிற்றுக் கடைக்காரருக்கு அதைவிட அவமானம் கிடையாது. பிசிர் ஓரளவு இருந்தால்தான் தேங்காய்க் கயிறு தன்னையே கவ்விப் பிடிக்கும். அப்பாவுக்கு அது பிறந்தபோதே தெரியும். பிசிரே இல்லாமல் ஒருவன் தேய்ப்பான் என்பதுதான் அவருக்குத் தெரியாதது. அலைக்கு அப்பால் பிரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஏழுமலை சொல்லவில்லை. அப்பாவின் முகத்தில் அது தெரிந்தது.

வலைக்கு ஈடு தருவதாக அப்பா சொன்னார். பிறகு எல்லோரையும் கடைக்குள் கூப்பிட்டார். அம்மா என்னைத் தூக்கிவந்து பெஞ்சில் உட்கார வைத்தார். சித்தப்பா மூலையில் வழக்கம்போல் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு கயிற்று நுனியைப் பிரித்தார். ஏழுமலை போகாமல் வாசலில் நின்றார். அவருக்கும் முடிவு தெரிய வேண்டியிருந்தது.

"நாலு மாசமா பாக்கேன்" என்றார் அப்பா. "இவன இப்படியே விட்டா ஒருநாள் ஒரு உசிரு போயிரும். ஊருக்கு அனுப்பிருவோம். அங்க கோயில்ல ஒரு மண்டலம் கட்டிப்போட்டா தெளிஞ்சிரும்னு சொல்லுதாவ."

எங்கள் ஊர்ப் பக்கத்துக் கோயில் ஒன்றில் சித்தம் கலங்கியவர்களைத் தூணில் கட்டி வைப்பார்கள் என்பதை நான் கேள்விப்பட்டிருந்தேன். எதனால் கட்டுவார்கள் என்ற கேள்வி எனக்கு அப்போதுதான் வந்தது. கயிற்றால்தான் கட்டுவார்கள். எங்கள் கடையிலிருந்தே கொடுத்து அனுப்புவார்களோ என்று அடுக்கியிருந்த சுருள்களைப் பார்த்தேன்.

சித்தப்பா தலை நிமிரவில்லை. அவர் விரல்கள் மட்டும் நின்றுவிட்டன. எனக்கு விவரம் தெரிந்து அவை அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

"சித்தப்பாவுக்குப் பைத்தியம் இல்ல" என்றேன்.

"பெரியவங்க பேசுதப்ப நீ சும்மா இரி" என்றார் அப்பா.

"அவள ஏன் அதட்டுத?" என்றார் அத்தை. இத்தனை நாளும் சித்தப்பாவைப் பற்றி ஊரெல்லாம் புலம்பியவர் அவர்தான். அதனால் அவர் குறுக்கே வந்தது எனக்கு வியப்பாக இருந்தது. "நாலு மாசமும் அவன் பின்னாலயே கிடந்தவ அவதான். அவளுக்குத் தெரிஞ்சது உனக்குத் தெரியுமா? நீ சொல்லு பிள்ளே. அவன் என்ன செய்யுதான்?"

நான் சொல்லத் தொடங்கினேன். தூக்குகிற கால் வேறு, போகிற கால் வேறு என்றேன். எனக்கே குழறியது. அப்பா கையை விரித்து, "இதத்தான் நானும் சொல்லுதேன்" என்று அம்மாவைப் பார்த்தார்.

"சொன்னா இவனுக்குப் புரியாது" என்றார் அத்தை. "எந்திச்சுச் செஞ்சு காட்டு."

எழுந்தேன். பெஞ்சுக்கும் அப்பாவுக்கும் நடுவே கயிறு எதுவும் கட்டியிருக்கவில்லை. அது அப்போது என் மனதில் படவில்லை. ஒரு மனிதரைத் தூணில் கட்டாமல் தடுக்க வேண்டும், அதற்கு அவர் செய்வதைத் துளியும் தவறில்லாமல் செய்துகாட்ட வேண்டும் என்பது மட்டும்தான் நினைவில் இருந்தது. வலது காலைப் பார்த்தேன். "தூக்குது" என்றேன். தூக்கினேன். "போகுது." போயிற்று. "பதியுது." இடது காலைப் பார்த்தேன். அது மெலிந்து, கொஞ்சம் உள்ளே திரும்பி இருந்தது. அதற்கும் அதே மூன்று பெயர்கள்தான். தூக்குது. போகுது. அது பதிவதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது. காத்திருந்தேன். பதிந்தது.

களத்தில் போகும் அதே வேகத்தில், ஒரு சொல்லும் விடாமல், அப்பாவின் முன்னால் போய் நின்றேன்.

"இவ்வளவுதான்" என்றேன். "இதுல பைத்தியம் எங்க இருக்கு?"

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்பா என் முகத்தைப் பார்க்காமல் என் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஏழுமலைதான் வாசலிலிருந்து சொன்னார்.

"இன்னா மொதலாளி... பாப்பா நடந்துகினு கீது."

அத்தை திரும்பிக்கொண்டு, "அடுப்புல ரசம் பொங்குது" என்று உள்ளே போய்விட்டார். ரசம் வாசனை எதுவும் வரவில்லை. சித்தப்பா மறுபடி கயிற்று நுனியைக் கையில் எடுத்துப் பின்னத் தொடங்கினார். அவர் கண்கள் வேலையில் இருந்தன. ஆனால் பின்னல் தப்பாகப் போய்க்கொண்டிருந்தது.

ஊருக்கு அனுப்பும் பேச்சு அன்றோடு நின்றது. நான் மந்திரத்தைத் தெளிவாக விளக்கியதால்தான் தீர்ப்பு மாறியது என்று நம்பினேன். சித்தப்பாவைக் காப்பாற்றியது நான்தான் என்று பல வருஷம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். சித்தப்பா இருக்கும்போதே சொல்வேன். அவர் தலையாட்டுவார். "ஆமா, இவதான் என்ன மீட்டா" என்பார்.

அப்பா ஒரு ஏற்பாடு செய்தார். கட்டுமரக் கயிற்றைப் பழையபடி கூலியாள் ஓடித் தேய்ப்பான். சித்தப்பா தேய்ப்பது கிணற்றுக்கும் தூளிக்கும் மட்டும். கை எரியாத கிணற்றுக் கயிறு என்று பெண்கள் தேடி வந்து வாங்கினார்கள். பிறக்கப்போகும் பிள்ளைக்குத் தூளி கட்ட முதலில் வாங்கியவர் ஏழுமலை. "ஆனா முடிச்ச நீயே போட்டுக் குடு சின்னய்யா" என்றார். சித்தப்பா போட்டுக் கொடுத்தார். அது அவிழவில்லை.

1951 ஜூனில் நான் மறுபடி பள்ளிக்கூடம் சேர்ந்தேன். சித்தப்பா கூட வந்தார். எட்டு வருஷத்துக்குமேல் படி தாண்டி நடக்காதவர், ரிக்‌ஷா கேட்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் காத்திருந்தார். நாங்கள் போன வேகத்தில் மற்றப் பிள்ளைகள் கிளம்புவதற்கு வெகுநேரம் முன்பே கிளம்ப வேண்டியிருந்தது. தெருமுனையில் கூடையை இறக்கி வைத்திருந்த ஏழுமலையின் மனைவி எங்களைப் பார்த்து, "மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்கு எட்த்துகினு போறவங்ககூட இத்தவிட ஜல்தியா போவாங்க சின்னய்யா" என்றார். சித்தப்பா சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்த முதல் முறை அது. நாங்கள் வேகத்தை மாற்றவில்லை.

பிற்காலத்தில் படிக்கும் பழக்கம் வந்தபின், பர்மாவிலும் இலங்கையிலும் துறவிகள் இப்படி ஒவ்வொரு அசைவுக்கும் பெயர் சொல்லி நடப்பதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். நடையானாலும் கைவேலையானாலும், செய்வதைச் செய்யும்போதே அறிந்திருப்பது ஒரு பயிற்சி என்று தெரிந்துகொண்டேன். ரங்கூனில் சித்தப்பா வேலை பார்த்த கடைக்குப் பக்கத்தில் ஒரு மடம் இருந்தது என்பதை அவரே ஒருமுறை சொல்லியிருக்கிறார். எந்த மடம், யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டு எழுதி வைக்காமல் விட்டுவிட்டேன். படித்த புத்தகங்களில் நிறைய இருந்தது. கயிற்றை எந்த உயரத்தில் கட்ட வேண்டும் என்று மட்டும் எதிலும் இல்லை.

அந்தக் கேள்வி எனக்கு வந்ததே மிகத் தாமதமாக. கடையையும் களத்தையும் விற்றபோது கடைசியாக ஒருமுறை பார்க்கப் போனேன். சித்தப்பாவும் அத்தையும் அதற்கு முன்பே காலமாகிவிட்டார்கள். கம்பங்கள் அப்படியே நின்றன. ஒவ்வொன்றிலும் கயிறு அறுத்த இரண்டு தடங்கள் இருந்தன. மேல்தடம் ஆழமானது, பல வருஷத்துத் தடம், வளர்ந்த ஆளின் இடுப்பு உயரம். கயிறு தேய்க்கிறவன் நிமிர்ந்து ஓட வேண்டுமென்றால் அங்கேதான் கட்டுவான். கீழ்த்தடம் லேசானது. கையோடு கொண்டுபோயிருந்த நாடாவால் அளந்தேன். தரையிலிருந்து இரண்டரை அடிக்குச் சற்று மேல். அந்த உயரத்தில் கட்டினால் வளர்ந்தவர் எவரும் நண்டுபோல் குனிந்துதான் தேய்க்க முடியும். எட்டு வயதுப் பிள்ளை நின்றபடி பிடித்துக்கொள்ளச் சரியாக இருக்கும்.

அங்கேயே தும்புத் தூசியில் உட்கார்ந்து கீழ்த்தடத்தைத் தடவிப் பார்த்தேன். முடிச்சு நிற்காத அளவுக்கு ஒரு கயிறு ஏன் மழுங்கியது என்பதும் அப்போதுதான் என் உள்ளங்கைக்குப் புரிந்தது.

கயிற்றைத் தாழக் கட்டியது சித்தப்பா என்றுதான் முதலில் முடிவு செய்தேன். பிறகு அத்தை நினைவுக்கு வந்தார். உட்கார்ந்த இடத்திலிருந்து கேட்காது என்று தெரிந்தும், ஒரு சொல்லு விடாமல் கேட்டு வா என்று என்னை அனுப்பியவர். மந்திரமில்லை என்று நான் சொன்ன பிறகும் நாளைக்கும் போ என்றவர். செஞ்சு காட்டு என்றவர். அம்மாவுக்குக் களம் தெரியாதபடி பொதிகளை அந்த இடத்தில் அடுக்கச் சொன்னது யார் என்பதும் தெரியவில்லை. இருவரும் பேசி வைத்துக்கொண்டார்களா, ஒருவர் செய்வதை மற்றவர் பார்த்துக்கொண்டு பேசாமலிருந்தாரா? அம்மாவிடம் கேட்டேன். "அதெல்லாம் எனக்கெப்படித் தெரியும்? நான்தான் உன்னத் தூக்கிட்டே திரிஞ்சேனே" என்றார். அப்பாவின் பஞ்சாங்கத்தில் அந்த மாதத்தில் வேறு வரி இல்லை.

இப்போதும் காலையில் எழுந்து கட்டிலிலிருந்து இறங்கும்போது இடது காலுக்குப் பெயர் சொல்லித்தான் வைக்கிறேன். நன்றியை இரண்டு பேருக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். ஆனால் விகிருதி வருஷம் ஆவணிக்கும் புரட்டாசிக்கும் நடுவே, அந்தக் கம்பங்களில் மேலே இருந்த கயிற்றை அவிழ்த்துக் கீழே கட்டிய கை யாருடையது என்பது உறுதிப்படவில்லை. உறுதிப்படாத தகவல் என்றே இங்கே பதிந்து வைக்கிறேன்.